அளக்காததைச் சொல்லாதவர்

அவரிடம் ஒரு சாதாரணக் கேள்வி கேட்டுப் பதில் வாங்குவதற்குள் நமக்குப் போதும் போதுமென்று ஆகிவிடும். "மேனேஜர் ரூம்ல இருக்காராம்மா?" என்று கேட்பேன். அந்தம்மா உட்கார்ந்திருக்கும் கண்ணாடி அறையிலிருந்து மேனேஜரின் கதவு நேராகத் தெரியும். கதவுக்கு அடியில் வெளிச்சம் இருக்கும். உள்ளே போனில் யாரையோ திட்டும் சத்தம்கூடக் கேட்கும். அந்தம்மா நிதானமாக நிமிர்ந்து பார்த்துச் சொல்வார்.

"ஒம்பதரைக்கு உள்ள போனாருண்ணே. அதுக்கப்புறம் நான் பாக்கல."

"சத்தம் கேக்குதேம்மா."

"கேக்குது. அவருதானான்னு நான் பாக்கலயே."

நானும் மனுஷன்தானே. காலையில் குடித்த கோப்பியின் தெம்பெல்லாம் அந்த ஒரு பதிலில் வடிந்துவிடும்.

ஆறு வருடம் அவரோடு குப்பை கொட்டினேன். அந்த ஆறு வருடத்தில் 'கிட்டத்தட்ட', 'இருக்கும்', 'போலருக்கு' என்ற வார்த்தைகள் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. மழை வருமா என்றால், இன்னும் வரவில்லை என்பார். கேண்டீனில் மீன்கறி எப்படி என்றால், நேற்றுச் சாப்பிட்டேன், இன்றைக்கு இன்னும் சாப்பிடவில்லை என்பார். கிண்டல் செய்கிறாரோ என்று முதல் வருடம் முழுக்கச் சந்தேகப்பட்டேன். கிண்டல் இல்லை. மனுஷி அப்படித்தான். பார்த்ததைச் சொல்வார், அளந்ததைச் சொல்வார். நடுவில் இருக்கும் இடைவெளியை நம்மைப் போல ஊகத்தை வைத்து இட்டு நிரப்ப மாட்டார். அவர் வேலையை விட்டுப் போய் நாலு வருடமாகிறது. எங்கே இருக்கிறார் என்று தெரியாது. ஆனால் அவர்மேல் எனக்கிருக்கும் கோபம் இன்னும் தீரவில்லை. என்மேல் எனக்கிருக்கும் கோபம் தனி, அதற்குப் பிறகு வருகிறேன்.

சிங்கப்பூரில், ஈசூன் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி. மற்றவர்களின் இயந்திரங்களுக்கு உலோகப் பாகங்கள் செய்து கொடுப்போம். டிராயிங் போடுவது என் வேலை. நான் போட்ட டிராயிங்கின்படி பாகம் வந்திருக்கிறதா என்று அளந்து சொல்வது அவர் வேலை. அவர் 'பாஸ்' என்று சொல்லாமல் எதுவும் வாசலைத் தாண்டாது. என்னைவிடப் பத்து வயது சின்னவர். என்னை அண்ணே என்பார், நான் என்னம்மா என்பேன். அதற்கு மேல் உறவும் இல்லை, பகையும் இல்லை. எரிச்சல் மட்டும் இருந்தது.

இந்தத் தொழில் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு தகட்டில் விளிம்பிலிருந்து இருபது மில்லிமீட்டரில் ஓட்டை வேண்டும் என்றால், உலகத்தில் எந்த மெஷினாலும் மிகச் சரியாக இருபதில் போட முடியாது. கொஞ்சம் அப்படி இப்படிப் போகும். எவ்வளவு போனால் பரவாயில்லை என்று டிராயிங்கில் எழுதுவதுதான் டாலரன்ஸ். எந்த விளிம்பிலிருந்து, எந்தப் பரப்பிலிருந்து அளக்க வேண்டும் என்று குறிப்பது டேட்டம். சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் ஒரு எண்ணும் இரண்டு மூன்று எழுத்துகளும் போடுவோம். பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். ஆனால் அதைப் போடுகிறவனின் கர்வம் முழுக்க அதற்குள் இருக்கும்.

ஒரு தடவை ஒரு டிராயிங்கில் டேட்டம் குறிப்பிட மறந்துவிட்டேன். பாகம் அவர் மேசையில் இரண்டு நாள் கிடந்தது. ஏன் என்று போய்க் கேட்டேன்.

"எதுலேர்ந்து அளக்கணும்னு நீங்க போடலண்ணே."

"அடிப்பக்கத்துலேர்ந்துதாம்மா. வேற எதுலேர்ந்து? பாத்தாலே தெரியலயா?"

"தெரியுது. ஆனா நீங்க போடல."

"ரெண்டு நாளா ஒரு போன் பண்ணிக் கேக்கக் கூடாதா?"

"பண்ணேன். எடுக்கல. மெயில் போட்டேன், பாக்கல."

மெயிலைப் பார்த்தேன். இருந்தது. தலையில் அடித்துக்கொண்டு அந்த ஒற்றை எழுத்தைப் போட்டுக் கொடுத்தேன். அதை வாங்கி ஒரு முறை படித்துவிட்டு, ஏதோ நான் பரிசு கொடுத்த மாதிரி "தேங்க்ஸ்ணே" என்றார். இதற்கு மனிதன் கோபப்படுவதா, சிரிப்பதா?

அந்த அறைக்கு அவர் எப்படி வந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஒன்பது வருடம் பேக்கிங்கில் நின்றபடியே பெட்டி ஒட்டியவர். முட்டி இரண்டும் போய்விட்டன. அளக்கும் வேலைக்கு முதல் தடவை விண்ணப்பித்தபோது, மெஷினை இயக்கத் தெரியுமா என்று கேட்டிருக்கிறார்கள். தெரியாது என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார். கொஞ்சம் தெரியும் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே எடுத்திருப்பார்கள், ஆள் பற்றாக்குறை அப்படி. பகுதிநேரமாகப் படித்துச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு இரண்டு வருடம் கழித்து மறுபடி போய், தெரியும் என்றார்.

அது கண்ணாடி போட்ட அறை. எப்போதும் இருபது டிகிரி, ஏனென்றால் உலோகம் சூட்டில் நீளும். நடுவில் கருங்கல் மேடை, அதன்மேல் அளக்கும் மெஷின். கடுகைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு சிவப்பு மணி அதன் நுனியில் இருக்கும். அது பாகத்தை அங்கங்கே தொட்டுத் தொட்டுக் கணினிக்குச் சொல்லும். அவர் துடோங் முக்காட்டுக்கு மேல் ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டரின் தொப்பியையும் இழுத்துவிட்டுக்கொண்டு, அந்தக் குளிரில் ஒரு சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் அவராகவே சொன்னார்.

"என் பொண்ணு ஸ்கூல் ஃபார்ம்ல அம்மா வேலைங்கற எடத்துல இன்ஸ்பெக்டர்னு எழுதுனாண்ணே. எனக்கு இந்த ரூம் போதும். மறுபடி பேக்கிங்குக்குப் போனா என்னால நிக்க முடியாது."

தன்னைப் பற்றி அவர் என்னிடம் சொன்னது அவ்வளவுதான். அதுவும் அளந்து சொன்னது.

என் மனைவிக்கு அவரை ரொம்பப் பிடிக்கும், அதுவும் எனக்கு ஒரு தலைவலி. தீபாவளிக்கு முந்தைய மாதம் ஆபீஸ்காரர்கள் எல்லாம் லிட்டில் இந்தியாவில் பிரியாணி சாப்பிடப் போனோம். என் மனைவியும் வந்து சேர்ந்துகொண்டாள். சாப்பிட்டு முடித்ததும் தேக்கா சந்தை மாடியில் ரவிக்கை தைக்கக் கொடுக்க வேண்டும் என்றாள். எம்ஆர்டி ரயிலுக்கு அந்தப் பக்கம்தானே போக வேண்டும் என்று அவரும் கூட வந்தார். தையல்காரர் அளவெடுத்துக்கொண்டே, "கை கொஞ்சம் லூஸா வெச்சிடுறேன்க்கா, போன தடவ மாதிரி பிடிக்காது" என்றார்.

அவ்வளவுதான், இவர் ஆரம்பித்துவிட்டார். "கொஞ்சம்னா எவ்வளவுங்க?"

"கொஞ்சம்னா கொஞ்சந்தாம்மா."

"அரை இன்ச்சா, ஒரு இன்ச்சா? அதுவும் எதுலேர்ந்து? இப்ப எடுத்த அளவுலேர்ந்தா, பழைய ரவிக்கைலேர்ந்தா?"

தையல்காரர் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "சார், இவங்க யாரு?"

"எங்க கம்பெனி இன்ஸ்பெக்டர்."

"ரவிக்கைக்குமா?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் சிரிக்கவில்லை. ரசீதின் பின்பக்கத்தில் 'கை: இன்று எடுத்த அளவிலிருந்து முக்கால் இன்ச் கூட' என்று எழுதவைத்துவிட்டுத்தான் நகர்ந்தார். இருபது வருடத்தில் முதல் தடவையாக ரவிக்கை பிரித்துத் தைக்காமல் சரியாக வந்தது என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவங்க இப்ப எங்க இருக்காங்க, ஒருநாள் வீட்டுக்குக் கூப்பிடுங்களேன் என்பாள். நான் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவேன்.

சரி, தகட்டுக்கு வருகிறேன்.

ரத்தப் பரிசோதனை இயந்திரம் செய்யும் ஒரு வாடிக்கையாளர். அந்த இயந்திரத்துக்கு ஆறு ஓட்டை போட்ட ஓர் அடித்தகடு. டிராயிங் நான் போட்டது. போட்டது என்ன போட்டது, பழைய டிராயிங் ஒன்றைத் திறந்து அப்படியே நகலெடுத்தேன். அந்தப் பழைய தகட்டில் 'பி' என்று குறித்திருந்த விளிம்பு இயந்திரத்தில் ஒரு தடுப்போடு ஒட்டி உட்காரும். அதனால் ஓட்டைகளை அந்த விளிம்பிலிருந்து 0.05 மில்லிமீட்டருக்குள் கேட்டது நியாயம். ஒரு தலைமுடியின் கனத்தைவிடக் குறைவான அளவு அது. புதுத் தகட்டிலோ அந்த விளிம்பு எதையும் தொடாது, சும்மா காற்றில் நிற்கும். ஓட்டைகளும் திருகு தாராளமாக நுழைகிற ஓட்டைகள்தான். 0.2 கொடுத்திருந்தாலே போதும். நான் கட்டத்தைக் கட்டமாகவே தூக்கிப் போட்டுவிட்டேன். டிசைன் ஆபீஸில் இதைச் செய்யாதவன் யார்? இறுக்கமாகக் கொடுத்துவிட்டால் நாளைக்கு யாரும் நம்மைக் குறை சொல்ல மாட்டார்கள் என்று ஒரு தைரியம்.

முதல் தகடு வந்த அன்றே அவர் டிராயிங்கோடு என் மேசைக்கு வந்தார். "அண்ணே, இந்த பி விளிம்பு மெஷின்ல எதுல போய் உக்காருது?"

"ஏம்மா?"

"கஸ்டமரோட அசெம்பிளி டிராயிங்ல தேடிப் பாத்தேன். எதுலயும் உக்காரல. அப்புறம் ஏன் அதுலேர்ந்து அளக்கணும்?"

சுருக்கென்றது. அந்த நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது. முப்பது வருடமாக டிராயிங் போடுகிறவனிடம், பேக்கிங்கிலிருந்து வந்த ஒருத்தர் கேட்டுவிட்டாரே என்ற எரிச்சல்தான் முதலில் வந்தது.

"டிராயிங்ல போட்டிருக்கில்ல, அளந்துட்டுப் போங்கம்மா."

"சரிண்ணே," என்று போய்விட்டார். அந்த முதல் தகடு எப்படியோ 0.05-க்குள் வந்து பிழைத்துக்கொண்டது.

ஒரு வெள்ளிக்கிழமை நாற்பது தகடும் வந்தன. அதில் முப்பத்தொன்று 0.05-ஐத் தாண்டிவிட்டன. 0.07, 0.08 என்று கணினியில் சிவப்பு சிவப்பாக நின்றன. மூன்று மணிக்கு லாரி. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். அவர் ஆங்கிலத்தில்தான் பேசுவார், தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "நீ போய்ப் பேசு லா. அவங்க பாஸ் போடலன்னா சரக்கு போகாது. இந்த மாசக் கடைசில அவங்க கான்ட்ராக்ட் முடியுது. இப்படியே பண்ணிட்டிருந்தா அந்த ரூமுக்கு வேற ஆளப் போட்டுக்கிறேன்."

போனேன். அறைக்குள் கால் வைத்ததுமே குளிர்.

"தகடு பொருந்தும்மா. நான் சொல்றேன்."

"பொருந்துமான்னு என்னைய யாரும் கேக்கலண்ணே. 0.05க்குள்ள இருக்கான்னு கேட்டிருக்கு. இல்ல."

"மேனேஜர் ரொம்பக் கோவமா இருக்காரு. உங்க கான்ட்ராக்ட்ட பத்திப் பேசுறாரு. இந்த ரூம் வேணும்னா கொஞ்சம் விட்டுக் குடுங்கம்மா."

முகம் மாறியது. கையை ஸ்வெட்டருக்குள் இழுத்துக்கொண்டார். பிறகு சொன்னார். "வேணும்ணே. அதுக்குத்தான் சொல்றேன், நீங்க டிராயிங்க மாத்துங்க. 0.2ன்னு போட்டு கஸ்டமருக்கு மெயில் பண்ணுங்க. அவங்க ஓகேன்னு எழுதுனா நாப்பதையும் பாஸ் போடுறேன். உங்களுக்குப் பத்து நிமிஷ வேலை."

பத்து நிமிட வேலைதான். ஆனால் டிராயிங்கை மாற்றினால் ஓரத்தில் காரணம் எழுத வேண்டும். என்ன எழுதுவது? பழையதைப் பார்த்து யோசிக்காமல் நகலெடுத்துவிட்டேன் என்றா? அதை மேனேஜர் படிப்பார். வாடிக்கையாளரின் ஆபீஸில் என் மகன் வயதுப் பையன்கள் படிப்பார்கள். அதற்கு என் மானம் இடம் கொடுக்கவில்லை.

"அதெல்லாம் வேணாம். பெஸ்ட் ஃபிட் போட்டு எடுங்க," என்றேன்.

அது கணினியில் இருக்கும் ஒரு வழி. விளிம்பை மறந்துவிட்டு ஆறு ஓட்டைகளையும் ஒன்றோடொன்று மட்டும் ஒப்பிட்டுக்கொள்ளும். எங்கள் தகடுகளில் ஆறு ஓட்டைகளும் தங்களுக்குள் மிகச் சரியாக இருந்தன, கூட்டமாக விளிம்பிலிருந்து தள்ளிப் போயிருந்தன, அவ்வளவுதான். பெஸ்ட் ஃபிட் போட்டால் எல்லாம் பச்சையாகிவிடும்.

"அது வேற அளவுண்ணே," என்றார். "டிராயிங்ல கேட்டது அது இல்ல."

நான் கதவைச் சாத்திய சத்தத்தில் வெளியே இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒன்றேகால் மணிக்கு அவர் தொழப் போவார். மாடிப்படிக்குக் கீழே ஒரு மூலையில் பாய் விரித்துத் தொழுதுவிட்டு, அங்கேயே டப்பாவைத் திறந்து சாப்பிட்டுவிட்டு வருவார். இருபத்தைந்து நிமிடம். அவர் படியிறங்குவதைப் பார்த்துவிட்டு நான் அந்த அறைக்குள் போனேன். கணினி திறந்திருந்தது. அளந்த புள்ளிகள் எல்லாம் ஏற்கெனவே உள்ளே இருந்தன, மறுபடி அளக்கக்கூடத் தேவையில்லை. டேட்டத்தை எடுத்துவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினேன். நாற்பதும் பச்சை. 0.02, 0.02, 0.03. ரிப்போர்ட்டை அச்சடித்தேன். கடைசி வரியில் 'அளந்தவர்' என்ற இடத்தில் அவர் பெயர் தானாகவே வந்து விழுந்தது. அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். அதோடுதான் கொண்டுபோய் அனுப்புகிறவர்களிடம் கொடுத்தேன்.

அவர் திரும்பி வந்து பார்த்தபோது தள்ளுவண்டி காலி. "தகடெல்லாம் எங்கண்ணே?"

"மேனேஜர் அனுப்பச் சொல்லிட்டாரும்மா."

தன் நோட்டை எடுத்து, எத்தனை மணிக்குப் போனேன், எத்தனை மணிக்கு வந்தேன், தகடுகள் இல்லை என்று எழுதிக்கொண்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. மாதக் கடைசியில் அவர் கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்பட்டது. பார், அடம் பிடித்திருந்தால் வேலை போயிருக்கும், நான்தான் காப்பாற்றினேன் என்று எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து வாடிக்கையாளரிடமிருந்து மெயில் வந்தது. தகடுகள் பொருந்திவிட்டன, இயந்திரங்களும் ஓடுகின்றன, அதில் புகார் இல்லை. ஆனால் அவர்கள் ஐந்து தகடுகளை டிராயிங்கில் உள்ளபடி விளிம்பிலிருந்து அளந்து பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்கு 0.08 வருகிறது, எங்கள் ரிப்போர்ட் 0.02 என்கிறது. அளந்தது யார், அவர்மேல் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று கேட்டிருந்தார்கள்.

மேனேஜர் அறையில் நாங்கள் மூன்று பேர். பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான். மேனேஜர் ரிப்போர்ட்டை அவர் முன்னால் தள்ளினார். "இது உங்க பேருதானே?"

"என் பேருதான். ஆனா நான் போட்ட ரிப்போர்ட் இல்ல."

"பின்ன யாரு போட்டது?"

"நான் பாக்கல சார்." நோட்டைத் திறந்து காட்டினார். "ஒண்ணேகாலுக்குப் போனேன். ஒண்ணு நாப்பதுக்கு வந்தேன். தகடு இல்ல. எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்."

"இதை யாரும் அப்புறமா எழுதிக்கலாம். கம்ப்யூட்டர ஏன் திறந்து போட்டுட்டுப் போனீங்க?"

"அது என் தப்பு சார்."

"சரி, யாரா இருக்கும்னு நெனக்கிறீங்க?"

அந்த மென்பொருளை இயக்கத் தெரிந்தவர்கள் மொத்தக் கம்பெனியிலும் இரண்டே பேர். ஒருவர் அவர். இன்னொருவன் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பெஸ்ட் ஃபிட் என்ற வார்த்தையை அன்று காலையில் அவரிடம் சொன்னதும் அவன்தான். சின்னப் பிள்ளைகூடக் கூட்டிக் கழித்துச் சொல்லிவிடும்.

"நெனக்கிறத வெச்சு ஒருத்தர் பேரச் சொல்ல முடியாது சார்," என்றார்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் ரிப்போர்ட்டைப் பார்த்தேன். மேனேஜருக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் வாடிக்கையாளருக்கு அனுப்ப அவருக்கு ஒரு பெயர் வேண்டும், காகிதத்தில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. அடுத்த திங்கள்கிழமையிலிருந்து அந்தம்மாவைப் பேக்கிங்குக்குப் போகச் சொல்லிவிட்டார்.

எனக்கு எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா? அவர்மேல்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இவர்தான் சார், இவர்தான் அன்னிக்கு என்கிட்ட வந்து பெஸ்ட் ஃபிட் போடச் சொன்னாரு என்று விரலை நீட்டியிருக்கலாம். அது ஊகம்கூட இல்லை, நடந்த பேச்சுதானே. நான் மறுத்திருப்பேன், சண்டை போட்டிருப்பேன், ஏதோ ஒன்று ஆகியிருக்கும். இப்படி வாயை மூடிக்கொண்டு என்னைத் தப்பிக்கவிட்டால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

அன்று மாலை பஸ் நிறுத்தத்தில் என் பக்கத்தில் வந்து நின்றார். கையில் ஸ்வெட்டர். அந்த அறைக்கு மட்டும்தான் அது தேவைப்பட்டது, வீட்டுக்கு எடுத்துப் போகிறார் என்று பார்த்ததும் புரிந்தது.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு என் கம்ப்யூட்டர்ல உக்காந்தது நீங்களா?"

ஈசூன் வெயிலில் அந்த நேரத்திலும் தார் ரோடு கொதித்தது. சொல்லியிருக்கலாம். அங்கே மேனேஜர் இல்லை, காகிதம் இல்லை, என்னைத் தவிர யாருமே இல்லை.

"இல்லம்மா," என்றேன்.

"சரிண்ணே."

அவ்வளவுதான். கேள்வி கேட்டார், பதில் கிடைத்தது, எடுத்துக்கொண்டார். பஸ் வந்ததும் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினார்.

அந்த அறைக்கு ஏஜென்சியிலிருந்து புதிதாக ஒருவரைப் போட்டார்கள். அடுத்த நாற்பது தகடுகள் வரப்போகின்றன, மறுபடியும் இதே கூத்து நடக்கும் என்று மேனேஜர் பதறினார். வேறு வழியில்லாமல் டிராயிங்கைத் திறந்தேன். 0.05-ஐ 0.2 ஆக்கினேன். ஓட்டைகளைப் பி விளிம்பிலிருந்து அளக்க வேண்டியதில்லை என்று மாற்றினேன். காரணம் என்ற இடத்தில் 'உற்பத்தியை எளிதாக்க' என்று எழுதினேன். அதுவும் பொய்தான். காலையில் அனுப்பினேன். மத்தியானச் சாப்பாட்டுக்குள் வாடிக்கையாளரிடமிருந்து பதில் வந்துவிட்டது. ஒரே வரி, ஒப்புதல். ஏன் என்று ஒருத்தன் கேட்கவில்லை. எந்தப் பையனும் சிரிக்கவில்லை. இதற்குத்தானா அந்த வெள்ளிக்கிழமை அப்படிப் பயந்தேன்?

அதோடு விட்டார்களா? கழிவு குறைந்தது, செலவு மிச்சம் என்று மேனேஜர் என் பெயரை மேலே எழுதி அனுப்பினார். ஒரு பாராட்டுச் சான்றிதழும் பேரங்காடிக் கூப்பனும் கொடுத்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். பேக்கிங்கிலிருந்தும் வந்து நின்று தட்டினார்கள். வாங்கிக்கொண்டேன்.

புதுத் தகடுகள் முடிந்து பேக்கிங்குக்கு வந்த நாளன்று, பெட்டிக்கு ஒன்றாக உள்ளே வைக்க வேண்டிய டிராயிங் பிரதிகளைக் கொண்டுபோகும்படி ஆகிவிட்டது. வேறு யாரிடமாவது கொடுத்து அனுப்பலாம் என்று பார்த்தேன், ஆள் கிடைக்கவில்லை. அவர் நீள மேசைக்குப் பின்னால் நின்றிருந்தார். ஒரு முட்டிக்குத் துணிப்பட்டை கட்டியிருந்தார். நிற்கும் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணே," என்றார்.

பிரதிகளை மேசையில் வைத்தேன். பேக்கிங்கில் யாரும் அதைப் படிப்பதில்லை, மடித்து உள்ளே போடுவதோடு சரி. அவர் மேலே இருந்ததை எடுத்துப் படித்தார். கட்டத்துக்கு வந்ததும் கொஞ்சம் நின்றார்.

"இப்ப சரியா இருக்குண்ணே," என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. நல்ல டிராயிங்கைப் பார்த்தால் அவர் எப்போதும் சொல்வதுதான்.

போய்விடலாம் என்று திரும்பினேன். அவர் விரல் டிராயிங்கின் ஓரத்தில் இருந்த திருத்தப் பட்டியலுக்குப் போயிருந்தது. என்ன மாற்றினோம், யார் மாற்றினார், எந்தத் தேதி என்று அதில் இருக்கும். என் பெயருக்குப் பக்கத்தில் இருந்த தேதியில் விரலை வைத்து, உதடு அசைய எண்ணினார்.

"பதினோரு நாள்," என்றார்.

"என்னம்மா?"

"என்னைய ரூம்லேர்ந்து அனுப்பி பதினோரு நாள் கழிச்சு மாத்திருக்கீங்க."

நிமிர்ந்து என்னை ஒரு முறை பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் டிராயிங்கை இரண்டாக மடித்துத் தகடுகளின் மேல் வைத்து, பெட்டியை மூடி, டேப்பை இழுத்து ஒட்டிவிட்டார்.